காலி ஃபைல், காலி பஸ்

"ஓ.டி.க்கு ஒரு ஆளும் இல்ல. அப்புறம் யாருக்குய்யா பஸ்ஸு?" என்று கத்தினார் மேனேஜர் ராஜசேகர்.

வல்லம் வடகாலில் உள்ள அந்தத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவன் பகலவன். ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை பார்ப்பவர்களின் பெயர்களை டைம் ஆபீஸ் சசிகலா ஒரு ஃபைலில் போடுவாள். நான்கு மணிக்கு அவன் எழுதிய ஷெல் ஸ்கிரிப்ட் என்கிற குட்டி புரோகிராம் அதைப் பார்த்து ஐந்தரை மணி பஸ்ஸை வரச் சொல்லும்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் டைம். அன்னிக்கும் காலி பஸ் வந்துச்சுன்னா, நீ வூட்லயே இருந்துக்கோ."

பகலவன் ஸ்கிரிப்டைத் திறந்தான். ஃபைல் இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்த்தது. உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கவில்லை. அதையும் பார்க்கும்படி '-e' என்பதை '-s' ஆக்கினான்.

"இனிமே ஃபைல் காலியா இருந்தா பஸ் வராது," என்றான் சசிகலாவிடம். "தெனமும் அஞ்சரை வரைக்கும் இருந்து பாத்துட்டுதான் போவேன்."

"லேட்டாவுமே சார்."

"ஆவட்டும்."

ஐந்தரைக்கு பஸ் வந்தது. பகலவன் திட்டிக்கொண்டே ஏறினான்.

"இன்னா சார், உனுக்கு மட்டும் இம்மாம் பெரிய வண்டியா?" என்றார் டிரைவர் டில்லிபாபு.

மறுநாள் அந்த ஃபைலை ஆராய்ந்தான். அளவு இரண்டு பைட். உள்ளே ஒரே ஒரு வெற்று வரி.

"நீ எதாச்சும் டைப் பண்றியா?"

"ஒரு பேர் கூட போடல சார்."

பொய் சொல்கிற முகமில்லை. விண்டோஸ்தான் அந்த வரியைச் சேர்க்கிறது என்று அதைத் திட்டினான். வெற்று வரிகளை நீக்கி, மிச்சத்தை அதே ஃபைலில் திருப்பி எழுதும்படி ஸ்கிரிப்டை மாற்றினான். ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல், ஃபைலைப் படிப்பதற்கு முன்பே அதைத் துடைத்துவிடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அன்று பார்த்து பதினான்கு பேருக்கு ஓ.டி. பதினான்கு பெயர்களும் அழிந்துபோயின. பஸ் வரவில்லை.

"ஏ சார், நாங்கல்லாம் மனுசன் இல்லியா? நடந்தா போவணும்?" என்று கேட்டில் நின்று கேட்டான் அந்தப் பதினான்கு பேரில் ஒருவனான அய்யாத்துரை.

மெயின் ரோடு வரை பதினைந்து பேர் நடந்தார்கள். பதினைந்தாவது ஆள் பகலவன்.

வெள்ளிக்கிழமை. ஒரு எழுத்தாவது இருக்கிறதா என்று மட்டும் பார், எதையும் எழுதாதே என்று ஸ்கிரிப்டை மாற்றினான். ஓ.டி.க்கு ஆள் இல்லை. ஐந்தரை ஆனது. பஸ் இல்லை.

"கெட்டிக்காரன்யா நீ," என்று முதுகில் தட்டிவிட்டு ராஜசேகர் காரில் போய்விட்டார்.

பகலவன் கேட்டில் நின்று, நடக்க வேண்டிய ரோட்டைப் பார்த்தான். ஸ்கூட்டியில் வந்த சசிகலா பிரேக் போட்டாள்.

"பஸ் வரலியா சார்? நீங்க வூட்டுக்குப் போவணுமேன்னு, தெனமும் போல இன்னிக்கும் அந்த ஃபைல்ல ஒரு என்டர் தட்டி வெச்சேனே!"