அபேனாவின் தலையில் என் கைவரிசை

தலைமுடி விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று இருபத்தேழு வயது வரை நம்பியிருந்தேன். இடுப்பளவு முடியைத் தினமும் நானே பின்னிக்கொண்டவளல்லவா! (வேறு தகுதி எதுவும் இல்லை.)

தொண்ணூறுகளின் நடுவில் சுவிட்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில், ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். என்னோடு படுக்கை விரிப்புகளை மடித்தவள் அபேனா, கானா நாட்டுக்காரி. வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு அவளுக்குக் கல்யாணப் பதிவு. அதற்குத் தலை அலங்காரம் செய்யப் போன சலூனில், அந்த அம்மா இரண்டு விரலால் முடியைத் தொட்டுப் பார்த்து, "இந்த மாதிரி முடிக்கு நாங்கள் செய்வதில்லை" என்று அனுப்பிவிட்டாளாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவள் கிடக்கட்டும். நீ என்னட்டை வா, நான் செய்து விடுறன்" என்றேன். (எங்களுக்குள் அரைகுறை ஜெர்மன்தான், கோபம் மட்டும் சுத்தத் தமிழ்.)

வெள்ளி காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; "நீ பேசாமல் இரு" என்று அடக்கினேன். எங்கள் முறைப்படி தேங்காய் எண்ணெய் அப்பி, சீயக்காய் போட்டு முழுக வார்த்தேன். தோள்வரை இருந்த முடி ஈரத்தில் சுருண்டு காதுக்கு மேலே ஏறிவிட்டது. நான் விடுவேனா? சீப்பை உச்சியில் வைத்து ஒரே இழுவை. அபேனா அலறினாள். சீப்பில் நாலு பல் போயிற்று. இரண்டாவது சீப்பு நடுவால் முறிந்தது. மூன்றாவது, என் கணவரின் சட்டைப்பைச் சீப்பு. உள்ளே போனது, வெளியே வரவில்லை.

"உமக்கேனப்பா உந்த வேலை? பாவம் அந்தப் பிள்ளை" என்றார் அவர், கதவடியில் நின்று.

"பேசாமல் போங்கோ. நான் தொடங்கினால் முடிப்பன்."

அபேனாவின் கண்ணில் தண்ணீர். தன் கைப்பையைத் திறந்து, விரலகலத்துக்குப் பல் வைத்த பெரிய சீப்பொன்றையும், அவள் ஊர்க் கொட்டையில் எடுத்த வெண்ணெய் ஒரு டப்பாவையும் மேசையில் வைத்தாள்.

"இது உன்னட்டை இருந்ததோ? ஏன் சொல்லேல்லை?"

"நீ கேட்டனியோ? அந்தப் பொம்பிளையும் கேக்கேல்லை, நீயும் கேக்கேல்லை."

வெட்கத்தில் முகம் எரிந்தது. சலூன்காரி இரண்டு விரலால் செய்த அவமதிப்பை நான் பத்து விரலாலும் செய்திருக்கிறேன். இனி எப்படியும் இவளை மணப்பெண்ணாக்காமல் விடுவதில்லை என்று சீலைத் தலைப்பைச் செருகிக்கொண்டேன்.

"சரி, நீ சொல்லு. நான் செய்யிறன்."

கணவரின் சீப்பை முறித்துத்தான் எடுத்தோம். பிறகு வெண்ணெய் பூசி, பாத்தி பிரித்து, நுனியிலிருந்து மெல்ல மெல்ல மேலே சிக்கெடுத்தேன். அவள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொல்ல, மண்டையோடு ஒட்டிய சிறு பின்னல்களாகப் பின்னினேன். விரல் மரத்தும் நிறுத்தவில்லை. ஒன்றரை மணிக்கு வலப்பக்கம் அருமையாக இருந்தது. இடப்பக்கம், நான் முதலில் பழகிய பக்கம்.

இரண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்க ஓடிப்போய்ச் சேர்ந்தோம். கல்யாணப் படம் எல்லாவற்றிலும் அபேனா வலப்பக்கம் காட்டியே சிரிக்கிறாள். அவளுடைய மகள் ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம், "அம்மாவுக்கு இடப்பக்கம் இல்லையா?" என்று கேட்பாள். "அதை ஆன்ரியைக் கேள்" என்று என்னைக் காட்டுவாள் அபேனா.

இன்றும் நான் யாருக்காவது, "விடு, நான் செய்து தாறன்" என்று எழும்பினால், என் கணவர் முதலில் தன் சீப்பைத் தூக்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்கிறார். அவர் தலையில் முடி இல்லாமல் போய்ப் பத்து வருடமாகிறது.