பசுமாட்டுக் காந்தம்

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் சொல்ல வேண்டும் என்பார்கள். பேரெந்த் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரே ஒரு பொய்தான் சொன்னார். அதைக் காப்பாற்ற ஆறு சென்சார் வாங்கினார்.

பொய் மிகச் சின்னது. ட்ரென்தே மாகாணத்துக் கிராமங்களில், காப்பிக்கு ஒரு பிஸ்கெட் என்பது எழுதாத சட்டம். காப்பி வரும், தகர டப்பா வரும், ஆளுக்கு ஒன்று எடுத்ததும் 'டப்' என்று மூடி விழும். ஊர் மேயரே வந்தாலும் ஒன்றுதான். பேரெந்துக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, அந்த ஒன்றும் அரையாகிவிட்டது. அப்படியிருந்தும் டப்பா வாரத்துக்கு இரண்டு முறை காலியானது.

"யாரு தின்னது?" என்று மனைவி ரூலீன் கேட்டாள்.

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு பேரெந்த் சொன்னார்: "திருடன்."

"பிஸ்கெட் திருடனா?"

"பின்வாசலை நாம பூட்டுறதே இல்ல. எவன் வேணா வரலாம்."

"பின்வாசல் வழியா வர்றது கெசீனஸ் ஒருத்தர்தான்."

பக்கத்து வீட்டு கெசீனஸ், முப்பது வருடமாகக் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போகிறவர்.

"நான் யார் பேரையும் சொல்லல," என்றார் பேரெந்த், சொல்லிவிட்ட முகத்தோடு. "அலாரம் வாங்கப்போறேன். அவ்வளவுதான்."

"தாராளமா வாங்கு. திருடனைப் பிடி. ஆனா அவன் வெளியில இருந்து வரலைன்னு தெரிஞ்சுது, கிறிஸ்துமஸ் வரைக்கும் பிஸ்கெட் எல்லாம் கெசீனஸ் வீட்டுல இருக்கும்."

பேரெந்த் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். அப்போதுதான் மே மாதம் பிறந்திருந்தது.

சனிக்கிழமை காலை பெட்டியைப் பிரித்தார். ஒவ்வொரு சென்சாரிலும் இரண்டு துண்டு. பெரியதைக் கதவு நிலையில் ஒட்ட வேண்டும். சின்னது வெறும் காந்தம், அதைக் கதவில் ஒட்ட வேண்டும். கதவு திறந்தால், கூடத்தில் வைத்த அலாரப் பெட்டி எந்தக் கதவு என்று பெயர் சொல்லிக் கத்தும்.

"ரெண்டும் ஒட்டி இருக்குற வரைக்கும் சத்தமே வராது. பிரிஞ்சாதான் கத்தும்," என்று விளக்கினார்.

"நம்ம கல்யாணத்துக்கு நேர் எதிர்," என்றாள் ரூலீன்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் பேரெந்துக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த பசுமாட்டுக் காந்தத்தைப் பிய்த்து வந்து பெரிய துண்டின்மேல் வைத்தார். கதவைத் திறந்தார். பெட்டி வாயே திறக்கவில்லை.

"பாத்தியா? கதவு இன்னும் மூடியே இருக்குன்னு நெனைச்சுக்குது!"

"அப்ப திருடனும் இதையே செய்வானே?"

"இதுக்கெல்லாம் மூளை வேணும், ரூலீன். திருடனுக்கு ஏது?"

"அதுவும் சரிதான்," என்று ரூலீன் மாட்டையே சற்று நேரம் பார்த்தாள்.

சோதனைக்குத் திருடனாக நடிக்க கெசீனஸைக் கூப்பிட்டார்கள். அவர் வழக்கம்போலப் பின்வாசலைத் திறந்தார்.

"பின்வாசல் திறந்தது!" என்று பெட்டி முழங்கியது.

கெசீனஸ் நெகிழ்ந்துபோனார். "முப்பது வருஷமா வர்றேன். இன்னைக்குத்தான் இந்த வீட்டுல எனக்கு ஒரு மரியாதை."

அடுத்தது முன்வாசல். அந்த ஊரில் முன்வாசல் கல்யாணப்பெண்ணுக்கும் சவப்பெட்டிக்கும் மட்டும்தான் திறக்கும். மற்றபடி அது சுவர். கெசீனஸ் வெளியிலிருந்து தள்ளினார். பேரெந்த் உள்ளிருந்து இழுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கதவு திறந்தது, பேரெந்த் செருப்புக் குவியலில் போய் உட்கார்ந்தார்.

"முன்வாசல் திறந்தது!"

கெசீனஸ் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு தலையை நீட்டினார். "யாரு போயிட்டாங்க?"

"மானம்," என்றாள் ரூலீன்.

மிச்சக் கதவுகளையும் திறந்து பார்த்தார்கள்; ஐந்து சென்சாரும் தேறிவிட்டன. "ஆறாவது எங்கே?" என்று பேரெந்த் கேட்டார்.

"அது உபரி. எடுத்து வெச்சிருக்கேன்," என்றாள் ரூலீன்.

காப்பி வந்தது. கெசீனஸுக்கு ஒன்று, பேரெந்துக்கு அரை, 'டப்'. பிறகு, கெசீனஸ் வீட்டுக் கோழிகள் முட்டையிட்டிருக்கின்றன, வாங்கி வருகிறேன் என்று ரூலீன் பையோடு அவருடன் கிளம்பினாள். முட்டை வாங்கப் போகிற பை போகும்போதே ஏன் புடைத்திருக்கிறது என்று பேரெந்த் யோசிக்கவில்லை. அவருடைய யோசனையெல்லாம் அலமாரியின் மேல்தட்டில் இருந்தது.

நாற்காலி போட்டு ஏறினார். டப்பாவைத் தொடப்போனவர் அப்படியே நின்றார்.

டப்பாவின் பக்கத்தில் ஆறாவது சென்சார். மூடியின் விளிம்பில் அதன் காந்தம்.

பேரெந்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாவம் ரூலீன்! யாரிடம் என்ன வித்தை காட்டுகிறாள்! இறங்கினார். ஃப்ரிட்ஜிலிருந்து பசுமாட்டைப் பிய்த்தார். ஏறினார். சென்சாரின்மேல் மாட்டை வைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை ஒரு நூல் தூக்கினார். சத்தமில்லை. ஒரு விரற்கடை. சத்தமில்லை. முழுக்கத் திறந்தார். கூடத்துப் பெட்டி ஊமையாக இருந்தது.

இலவங்கப்பட்டை வாசனை கம்மென்று வந்தது. இந்த ஊரிலேயே, ஏன், இந்த நாட்டிலேயே இப்படியொரு மூளை உண்டா? கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டார். இரண்டு எடுப்பதா, மூன்று எடுப்பதா என்பது மட்டுமே மிச்சமிருந்த கேள்வி.

கையில் ஒரு காகிதம் வந்தது. ரூலீனின் குண்டு குண்டான கையெழுத்து:

"மாட்டிக்கிட்டியா? மாட்டை ஃப்ரிட்ஜிலயே கட்டிட்டு, கெசீனஸ் வீட்டுக்கு வா. உன் அரை பிஸ்கெட் இங்க இருக்கு."