கால் வெட்டு: முழு வெற்றி

பத்திரிகையில் தலைப்பு எழுதுகிறவனை வீட்டுச் செய்தி எதையும் எழுத விடக்கூடாது. இது எனக்கு ஒரே ஒரு ஃபக்ஸில் தெரிந்தது.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அம்மாவும் நானும் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் மாடி வீட்டில் இருந்தோம். அம்மாவுக்கு நீரிழிவு. (அவருடைய அகராதியில், "கொஞ்சம் சீனி.") கால் நகத்தை உடைந்த சவர பிளேட்டால் செதுக்குவது அவர் வழக்கம். ஒருநாள் தரையில் இரத்தப் பொட்டுகள்.

"ஆருடைய இரத்தமடா இது?" என்று என்னையே கேட்டார். பெருவிரல் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. அவருக்கு நோகவே இல்லை.

லண்டனில் அகதி வழக்கின் முடிவுக்காகக் காத்திருந்த தம்பி குகன், நான் கடைத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னபோது கெஞ்சினான். (எங்கள் வீட்டில் போன் இல்லை.) அம்மாவின் தமக்கை ஒரு காலை இழந்தது இப்படியொரு சின்னக் காயத்தில்தான்.

"இனி தெரிஞ்ச ஆளைக் கொண்டு நகம் வெட்டு அண்ணை. வெட்டின உடனை எனக்கு அறிவி."

டொக்டர் மருந்து கட்டி, புண் ஆறியபின், எங்கள் ஒழுங்கையிலிருந்த ஓய்வுபெற்ற தாதி, எல்லோருக்கும் மிஸ்ஸி, வந்தார். அம்மா ஆவி பறக்கும் வெந்நீரை வாளியில் கொண்டுவந்து வைத்தார்.

"உந்த வாளியை எடுங்கோ. உங்கட காலுக்குச் சூடு தெரியாது, அவிஞ்சாப் பிறகுதான் தெரியும்."

"எனக்கு ஒண்டும் நோகிறேல்லை மிஸ்ஸி."

"காலுக்கு நோகாட்டி அது நல்ல செய்தியில்லை, அம்மா."

காலைக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரத்தை ஒற்றியெடுத்து, நகங்களை நேராக வெட்டினார். மூலைகளைத் தோண்டவில்லை. வெறுங்காலோடு நடக்கக்கூடாது, செருப்பை உதறிப் பார்த்துத்தான் போடவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் காலி வீதியில் போன், ஃபக்ஸ் வசதியுள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன், லண்டனில் குகன் வேலை செய்த கடைக்கு ஃபக்ஸ் அனுப்ப. "அம்மாவின் கால் நகம் வெட்டியாயிற்று, காயமில்லை" என்று எழுதினேன். பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல் இருந்தது. நான் பத்திரிகையில் உதவி ஆசிரியராகி நாலு மாதம். தலைக்கனம் மட்டும் தலைமை ஆசிரியருடையது. சுருக்கினேன். "நகம்" ஓசையைக் கெடுத்தது. வெட்டினேன். (நகத்தைத்தான்.) தாளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தது. கொட்டை எழுத்தில் இப்படிப் போனது:

"அம்மா கால் வெட்டு: முழு வெற்றி!"

மறுநாள் காலை கிருலப்பனையிலிருந்து சிவா மாமா, அம்மாவின் தம்பி, சக்கர நாற்காலியைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். வழியில் செக்பொயின்ற்றில் ஆமிக்காரர் அதைப் பிரட்டிப் பார்த்தார்களாம். கதவைத் திறந்தவர் அம்மா.

"என்னடா சிவா, ஆருக்கு வருத்தம்?"

மாமா அம்மாவின் கால்களை எண்ணினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குகன் எனக்குப் போன் எடுத்து அழுறான். எந்தக் கால் எண்டு கேக்கிறான். இண்டைக்கே இஞ்சை வர வெளிக்கிடப்போறானாம்!"

அவன் வெளிக்கிட்டால் வழக்கு அவ்வளவுதான். திரும்ப லண்டனுக்குள் விடமாட்டார்கள். கொமியூனிகேஷனுக்கு வெறுங்காலோடு ஓடினேன். அம்மாவோ வாசலில் நின்று செருப்பை ஒவ்வொன்றாக உதறி, உள்ளே பார்த்து, மாட்டிக்கொண்டு ஆறுதலாக வந்தார்.

லைன் கிடைத்தது. "நகமடா குகன், நகம்!" என்று கத்தினேன்.

"பொய் சொல்லாதை. அம்மாட்டைக் குடு."

அம்மா ரிசீவரை வாங்கினார். "ரெண்டு காலும் இருக்கு ராசா. பத்து விரலும் இருக்கு. உன்ர கொண்ணன்ர தலைக்குள்ளதான் ஒண்டுமில்லை."

சற்றுநேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "முதலாளி லீவும் தந்திட்டார் அம்மா. இனி அவருக்கு என்ன சொல்லுறது?"

"முளைச்சிட்டுதாம் எண்டு சொல்லு."

குகன் வரவில்லை. வழக்கு வென்றான். அம்மா கடைசிவரை பத்து விரலோடும் இருந்தார்.

இப்போது எனக்கும் கொஞ்சம் சீனி. மாதம் ஒருமுறை மனைவிதான் என் நகங்களை நேராக வெட்டிவிடுகிறாள். வெட்டியதும் லண்டனுக்குப் போன் எடுத்து, "கால் வெட்டு, முழு வெற்றி" என்கிறாள்.

குகன் ஒவ்வொரு தடவையும் துக்கக் குரலில் கேட்கிறான்: "வெட்டின காலை எங்கை அண்ணி புதைச்சனீங்கள்?"