மாமனாரும் நானும் ஒரு தேனடையும்

தெரியாத வேலையைத் தெரியாது என்று ஒத்துக்கொள்ளும் வழக்கம் இளவயதில் எனக்குக் கிடையாது. பார்க்க ஆள் இருந்துவிட்டால் இன்னும் மோசம். அன்று பார்த்துக்கொண்டிருந்தவர் என் மாமனார்.

நானும் செல்வியும் பெரியவர்களை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கரியாலூரில் எனக்கு வாத்தியார் வேலை. திருக்கோவிலூர்ப் பக்கம் இருக்கும் அவள் பிறந்த வீட்டு வாசலை இரண்டு வருடமாக மிதிக்கவில்லை. திடீரென ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் மலையேறி வந்தார், மகளைப் பார்க்க. (என்னை இல்லை.) நான் எதிரிலேயே நின்றாலும், "அவர சாப்புடச் சொல்லும்மா" என்று செல்வி வழியாகத்தான் பேச்சு வரும்.

"இன்னிக்கி ஒரு நாளு ஒழுங்கா இருங்க. வூட்டுக்குக் கூப்புட்டாலும் கூப்புடுவாரு" என்றாள் செல்வி. "அம்மாவப் பாத்து ரெண்டு வருசமாவுது." கண் கலங்கியிருந்தது.

மாமனாருக்கு ஆற்று மீன் என்றால் உயிர். என்னிடம் ஒரு புதுத் தூண்டில் இருந்தது. ஊட்டியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் கொடுத்தது. அங்கே குளிர்ந்த ஓடைகளில் ட்ராவுட் மீன் பிடிப்பது. வளைந்து கொடுக்கும் நீளக் கம்பு, அடியில் நூல் சுற்றும் சக்கரம், நுனியில் புழுவுக்குப் பதிலாக இறகில் கட்டிய பொய் ஈ. தலைக்கு மேலே பின்பக்கம் வீசிவிட்டுப் பிறகு முன்னால் வீச வேண்டும் என்று சொல்லியிருந்தான். அதை நான் கொல்லையில்கூட ஒரு தடவை வீசிப் பார்த்ததில்லை.

ஓடைக்கரையில் செல்வி கல் கூட்டி அடுப்பு வைத்தாள். அரைத்த மசாலா தயார். மாமனார் அந்த ஈயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்த மீனு துன்னுமான்னு கேளும்மா."

"துன்னும்பா" என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமல்.

முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். மேற்பார்வைக்கு மாமனாரும் பக்கத்தில் வந்து நின்றார். நூல் நழுவாமலிருக்க மணிக்கட்டில் நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு (என் சொந்த யோசனை) பின்னால் வீசினேன். முன்னால் வரவில்லை. இழுத்தேன். கம்பு வில்லாக வளைந்தது.

திரும்பிப் பார்த்தேன். ஓடைமேல் சாய்ந்திருந்த மரத்தின் கிளையில் தூண்டில் முள் மாட்டியிருந்தது. அதே கிளையில், முள்ளுக்கு ஒரு சாண் தள்ளி, முறம் அகலத்துக்கு ஒரு தேனடை. அடை முழுக்க ஒரு முறை நெளிந்து அடங்கியது.

"ஆடாத."

மாமனார் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்த நிலைமையிலும் அரை நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மலைத்தேனீ. போன வருசம் எங்கூர்ல ஒரு எருமயவே சாச்சிடுச்சி" என்றார் உதட்டை அசைக்காமல்.

சந்தோஷம் போய்விட்டது. கம்பை விட்டால் கிளை துள்ளும். இழுத்தாலும் துள்ளும். நூலைத் தளர்த்தலாமென்றால் அது என் மணிக்கட்டை அறுத்துக்கொண்டிருந்தது. மூச்சு விட்டாலே கிளை அசைந்தது.

"நீங்க மெதுவா போய்டுங்க மாமா."

"நான் போய்ட்டா அது உன்ன சும்மா உட்டுடுமா? மூடிக்கினு நில்லு."

எவ்வளவு நேரம் நின்றோமோ, ஒரு யுகம் போலிருந்தது. அப்போதுதான் புகை வாசம் வந்தது. கரையில் செல்வி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். புகை நேராகத் தேனடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மாமனாரின் முகம் வெளுத்தது.

"அடுப்ப அணைக்கச் சொல்லு அவள! பொகை பட்டா அத்தினியும் கலஞ்சி வந்துடும்!"

காலையிலிருந்து அவள் தூது, இப்போது நான். "செல்வி, அடுப்ப அணை!" என்று கத்தினேன். தண்ணீர் விழும் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பியவள் வளைந்த கம்பை மட்டும் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பெரிய மீன் மாட்டிவிட்டது என்று இன்னும் இரண்டு விறகைத் திணித்தாள்.

அடை கலைந்தது.

"முங்கு!" என்ற மாமனார் தன் துண்டை இரண்டு தலைக்கும் சேர்த்துப் போர்த்தி, என் கழுத்தைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினார். மூச்சுக்குத் தலை தூக்கிய ஒவ்வொரு தடவையும் ஆளுக்கு இரண்டு கொட்டு. முள் எப்போது பிய்ந்ததோ, மணிக்கட்டில் சுற்றிய நூலோடு கம்பும் கூடவே கரையேறியது. புகைக்குள் இருந்த செல்வியை ஒரு தேனீயும் தொடவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். மாமனாருக்கு ஒரு கண் மூடியிருந்தது, எனக்கு இரண்டும். நானிருந்த திக்கைப் பார்த்து, "வூட்டுக்குப் போலாம், வா" என்றார். செல்வி அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அன்று ராத்திரியே, இரண்டு வருடமாக மிதிக்காத அந்த வாசலில் போய் நின்றோம். மாமியார் விளக்கைத் தூக்கி, வீங்கிய இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல எங்கூட்டுக்காரரு யாருடி?"

தீபாவளிக்குத் தீபாவளி அந்தக் கேள்வியை மாமியார் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்பார். தூண்டில் அவர்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. இப்போதும் மாமனாருக்கு என்மேல் அவ்வப்போது கோபம் வந்து பேச்சு நின்றுபோகும். செல்வி சமாதானம் பேசுவதில்லை. பரணிலிருந்து தூண்டிலை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள்.

"ஆடாத!" என்று உடனே குரல் வந்துவிடும்.