இரண்டாம் முறை வந்த வெந்நீர்

திருவனந்தபுரம்,
மிஷன் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
ஆகஸ்ட் 23, சனிக்கிழமை.

அன்புள்ள ராகேல் மைனிக்கு, விஜயம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் வலது கால் தவிர. அங்கே நீங்களும் யோசுவா அண்ணனும் சுகமா என்று கேட்டு எழுதுவது முறை. கேட்டுவிட்டேன். நாற்பத்தொரு வருஷம் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். நின்று வாசிக்கிற கடிதம் இல்லை.

என் கால் ஒடிந்ததற்குக் காரணம் நீங்கள்தான். எங்கள் முன்னறையில் உங்கள் கல்யாணப் படம் தொங்குகிறது. நடுவில் நீங்கள், நர்ஸ் உத்தியோகத்துப் பவிசோடு. மணப்பெண் நடுவில்தானே நிற்பாள் என்று என் மகன் செல்வமணி சொல்வான், அது வேறு விஷயம். என் அம்மை இறந்த ஆகஸ்ட் பதினாலு வந்தால் நான் ஸ்டூலில் ஏறி அந்தப் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி மாட்டுவேன். அன்று முழுக்க நீங்கள் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மறுநாள் திருப்பிவிடுவேன், நான் அவ்வளவு பொல்லாதவள் இல்லை. நாற்பது வருஷம் தவறாமல் செய்தேன். இந்த வருஷம் திருப்பி மாட்டிவிட்டு இறங்கும்போது ஸ்டூல் சாய்ந்துவிட்டது. மருமகள் சபீனா ஓடி வந்தவள் முதலில் ஸ்டூல் கால் உடைந்ததா என்று பார்த்தாள், பிறகுதான் என் காலைப் பார்த்தாள். அதையும் மறக்கமாட்டேன்.

விழிஞ்ஞத்திலிருந்து இந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கம்பி வைத்துக் கட்டினார்கள். பக்கத்துக் கட்டிலில் பார்வதியம்மாள் என்று ஒருத்தி, திருநெல்வேலிக்காரி, கோட்டைப்பக்கம் குடியிருப்பு. அவளும் நானும் ஜன்னலுக்காகச் சண்டை போட்டோம், நான் ஜெயித்தேன். தினமும் காலையில் உடம்பு துடைத்துவிட வந்தால், துணி மேலே படுவதற்கு முந்தியே, "ஆறிப் போச்சு தாயீ, வேற கொண்டா" என்பாள். பச்சைத் தண்ணீரை நெருப்பில் கொதிக்க வைத்துக் கொடுத்தாலும் அவளுக்கு ஆறித்தான் இருக்கும். எல்லாரையும் தாயீ என்பாள், டாக்டரைக்கூட.

துடைத்துவிடுகிறவள் ஷீனா, நர்ஸ் படிப்புக் கடைசி வருஷம், மலையாளத்துப் பெண். அவளுக்குப் பரீட்சை. ஆள், சுற்றுப்புறம், ஆரோக்கியம், பரிசரணை (நோயாளியைக் கவனிப்பதற்கு அவர்கள் சொல்கிற பேர்) என்று நாலு காரியம் மனப்பாடமாகத் தெரிந்தால்தான் பாஸ் என்று என் காலை வைத்துக்கொண்டே படிப்பாள். "ஆள்னா தேவனுடைய சாயல், அம்மச்சி. பேர் சொல்லித்தான் விளிக்கணும், கட்டில் நம்பர் சொல்லக் கூடாதுன்னு எங்க சிஸ்டர் சொல்லும்."

"அப்போ எனக்க மருமகளும் தேவ சாயல்தானா?"

"எல்லாரும்தான்."

"ராகேலுமா?"

"அது யாரு?"

"ஒருத்தி இருக்கா. நீ படி."

புதன்கிழமை பகல் இரண்டு மணிக்குப் பார்வதியம்மாள் போய்விட்டாள். சோறு தின்றாள், மோர் கேட்டாள், சாய்ந்தாள், அவ்வளவுதான். டாக்டர் வந்து கண்ணைப் பார்த்து, நெஞ்சைப் பார்த்து, நேரத்தை எழுதிவிட்டுப் போனார். அவளுடைய பிள்ளைகள் வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்றார்கள். ஷீனா பச்சைத் திரையை இழுத்துச் சுற்றி மூடினாள். மைனி, திரைக்கு உள்ளே அவளும் பிணமும்தான். மூன்று பக்கமும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், நாலாவது பக்கம் சுவர்.

அப்புறம் அவள் பேசத் தொடங்கினாள்.

"பார்வதியம்மா, ஷீனாவாக்கும். வலது கையை எடுக்குறேன். இனி முகம் துடைக்கப் போறேன். கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிக்கலாமா? நான் பிடிச்சுக்குறேன், பயப்படண்டா."

உள்ளே எரிந்த விளக்கில் திரையின்மேல் நிழல் தெரிந்தது. ஒரு கை மெல்ல உயர்ந்தது, கொஞ்ச நேரம் நின்றது, இறங்கியது. ஷீனாவின் கைகள் இரண்டும் வேறே தெரிந்தன. அது மூன்றாவது கை. தூக்கிப் பிடித்திருப்பாள், எனக்குத் தெரியும், ஆனாலும் என் உடம்பு மயிர்க்கூச்செறிந்தது. நடுவில் ஒரு தரம் பாத்திரத்தோடு வெளியே வந்தாள், என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள், ஆவி பறக்க வெந்நீரோடு திரும்பி உள்ளே போனாள். கடைசியில் பார்வதியம்மாளின் தலையணைக்குக் கீழே இருந்த விபூதிப் பொட்டலத்தை எடுத்து நெற்றியில் பூசிவிட்டாள். கழுத்தில் சிலுவை போட்ட பெண், மைனி.

வெளியே வந்ததும் கேட்டேன். "செத்தவகிட்ட என்ன பிள்ளே பேச்சு?"

"உயிர் போனா ஆளும் போயிடுமா அம்மச்சி? தேவன் உண்டாக்கின சரீரம் அல்லே. தொடுறதுக்கு முந்தி சொல்லணும். மிஷன் காலேஜ்ல பண்டு முதலே அப்படித்தான் படிப்பிக்கும்."

பண்டு முதலே என்றால், அதே மிஷன் காலேஜில் நீங்கள் படித்த காலத்திலும்தானே.

1984 ஆகஸ்ட் பதினாலு, செவ்வாய்க்கிழமை. நான் ஊரை விட்டு இங்கே குடிவந்துவிட்டேன் என்று அம்மை என்னோடு மூன்று மாதம் பேசவில்லை. சீக்கு என்று ஆள் வந்து சொல்லி, செல்வமணியை ஏழு மாதமாய் வயிற்றில் சுமந்துகொண்டு, தம்பானூர் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் கொடுக்காத அந்தச் சிவப்புச் சட்டைக்காரனை இன்றைக்குப் பார்த்தாலும் அடையாளம் சொல்வேன். ஒரு வார்த்தை வாங்கத்தான் வந்தேன். வாசலில் நீங்கள் நின்று, "அம்மை போயிட்டாங்க விஜயம். புள்ளத்தாச்சி இதைப் பாக்கக் கூடாது, நீ வெளிய இரி" என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்கள். நான் கதவில் காதை வைத்தேன். "அம்மை, கையை எடுக்கேன். அம்மை, கொஞ்சம் சாஞ்சுக்கிடுங்க" என்று உள்ளே நீங்கள் பேசுகிறீர்கள். நடுவில் பாத்திரத்தோடு வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய் மறுபடி வெந்நீர் கொண்டுபோனீர்கள். செத்தவளுக்கு எதற்கு வெந்நீர்? அம்மைக்கு உயிர் இருக்கிறது, எனக்கு வர வேண்டிய கடைசி வார்த்தையை இவள் கதவைச் சாத்தி வாங்கிக்கொள்கிறாள் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன். நாற்பத்தொரு வருஷம் அதை ஒரு நாள்கூட இறக்கி வைக்கவில்லை.

இப்போது தெரிகிறது. நீங்கள் படித்த படிப்பைச் செய்தீர்கள். வேறே யாரும் பேச்சு கொடுக்காத உடம்பிடம் பேச்சு கொடுத்தீர்கள், என் அம்மையைச் சூடான தண்ணீரால் துடைத்தீர்கள். அம்மை அப்போது இறந்துதான் இருந்தாங்க. உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இறந்தவர்கள் பேசமாட்டார்கள், பேசுவது நர்ஸ்தான். ஆகையால் நான் உங்களை மன்னித்துவிட்டேன். உங்கள் பேரில் குற்றமே இல்லையே, பிறகு எதற்கு மன்னிப்பு என்று கேட்காதீர்கள். இவ்வளவு நாள் சேர்த்து வைத்தது, கொடுக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள். படம் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் தொங்குகிறது. செல்வமணியிடம் சொல்லி நேராக்கச் சொல்கிறேன்.

யோசுவா அண்ணனுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் இரண்டு பேருடைய முழங்காலையும் காப்பாராக. ஸ்டூலில் ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தி,
விஜயம்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுத் திரும்ப விரித்திருக்கிறேன். காய்ச்சல் பார்க்க ஷீனா இப்போது வந்தாள். செத்தவளுக்கு எதற்கு இரண்டாம் முறை வெந்நீர், அதுவும் படிப்பில் உள்ளதா என்று கேட்டேன். "அது படிப்பில இல்லை. அம்மச்சி தானே இந்தப் பக்கமிருந்து சொன்னது, ஆறிப் போச்சு தாயீ, வேற கொண்டான்னு. அதான் தலையாட்டிட்டுப் போனேன்" என்றாள். மைனி, அப்போது என் வாய் நிறைய பிஸ்கட். நான் ஒருத்தரையும் தாயீ என்று கூப்பிட்டதில்லை. இதை நான் ஷீனாவிடம் சொல்லவில்லை, அவளுக்குத் திங்கட்கிழமை பரீட்சை.

அன்றைக்கு நீங்கள் எதற்கு இரண்டாம் முறை வெந்நீர் எடுக்க வந்தீர்கள்? ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை? படம் அப்படியே இருக்கட்டும். மன்னிப்பையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். உள்ளே அம்மை என்ன சொன்னாங்க என்று உடனே எழுதுங்கள். என்னைத் திட்டினதானாலும் சரி, ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.