மண்ணைச் சுவைத்துப் பார்ப்பவர்

கஞ்சாச் செடி வளர்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. வளர்ப்பவர்கள் ஒரு வகை. வளர்ப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையால் யாருக்கும் தொந்தரவில்லை, விட்டுவிடுவோம். சட்டம் 'வீட்டில் வளர்த்துக்கொள்' என்று சொல்லி வருஷக்கணக்காகிவிட்ட எங்கள் அமெரிக்க மெயின் மாநிலத்தில், இரண்டாவது ஆசாமியைப் பார்க்க வேண்டுமானால் சனிக்கிழமை காலை ஊர்க் குப்பைக் கிடங்குக்கு வந்தால் போதும். குப்பையைப் போட்டுவிட்டு அவர் மட்டும் வீட்டுக்குப் போகமாட்டார்.

எங்கள் ஊரில் அவர் பெயர் தர்லோ பிங்கம். மண் என்று கண்ணில் பட்டால் ஒரு பிடி அள்ளுவார், கொழுக்கட்டை பிடிப்பார், காதருகே உதிர்த்து ஓசை கேட்பார், கடைசியில் நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் விருந்துக்குக் கூப்பிட்டாலும் இதே கதைதான். மேஜையில் சூப் ஆறிக்கொண்டிருக்கும், அவர் உங்கள் ரோஜாப் பாத்தியில் குந்தியிருப்பார்.

அவருடைய செடி நிற்கும் பாதிப் பீப்பாயில் என்னதான் இல்லை? மண்புழு உரம், கடற்பாசி, நண்டோட்டுத் தூள், வௌவால் எச்சம், மூன்று வருஷம் மக்கிய குதிரைச் சாணம், போதாக்குறைக்கு ஒரு வாளி வெல்லப்பாகு. மண்ணுக்குத்தான் இடமில்லை.

ரகத்தையும் அவர் அப்படித்தான் தேர்ந்தெடுப்பார். பெயர் கம்பீரமாக இருக்க வேண்டும், பிறந்த ஊர் தூரமாக இருக்க வேண்டும். எப்போது பூக்கும்? அதெல்லாம் சில்லறைக் கேள்வி. இந்த வருஷம் நிலநடுக்கோட்டு மலையிலிருந்து 'ஊதாப் பேராயர்' வந்து இறங்கினார். பக்கத்து வீட்டு மர்ல் குயிமெட்டோ, மைத்துனி கொடுத்த பெயரில்லாத குட்டை ரகத்தைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஊன்றிவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்.

"ஏம்பா தர்லோ, உன் பேராயர் எப்பப் பூப்பாரு?" என்று கிடங்கில் கேட்டார் மர்ல்.

"பெரிய மனுஷன அவசரப்படுத்தக் கூடாதுப்பா."

"உறைபனி அவசரப்படுமே. செப்டம்பர் கடைசில வந்து நின்னுடும்."

"என் மண்ணத் தொட்டுப் பாரு, அடுப்பு மாதிரி கொதிக்குது. பனி கிட்ட வருமா?"

சுற்றி நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஏற்றிவிட்டார்கள். பந்தயம் முடிவானது: இலையுதிர்காலக் கண்காட்சியில் யார் செடிக்கு முதல் பரிசான நீல ரிப்பன் கிடைக்கவில்லையோ, அவர் ஒரு வருஷம் மண்ணைப் பற்றி மூச்சு விடக்கூடாது. மர்லுக்கு இதில் நஷ்டமே இல்லை. அவர் ஜென்மத்தில் மண்ணைப் பற்றிப் பேசியதில்லை.

ஆகஸ்டில் பேராயர் கூரையைத் தொட்டார்.

"பச்சையப் பாத்தியா டோரீன்?" என்று மனைவியிடம் பூரித்தார் தர்லோ.

"ஜன்னல மறைச்சுக்கிட்டு நிக்குது, வேற எதப் பாக்குறது? பட்டப்பகல்ல லைட்டு போட்டுச் சமைக்கிறேன். பூவத்தான் காணோம்."

செப்டம்பர் நடுவில் மர்ல் பூவோடு தன் செடிகளை அறுத்து, நல்லதாக ஒன்றை மட்டும் அறுக்காமல் தொட்டிக்கு மாற்றிக் கண்காட்சிக்கு வைத்துக்கொண்டார். தர்லோ பேராயருக்குப் படுக்கை விரிப்பைப் போர்த்தினார், கிறிஸ்துமஸ் விளக்குகளைச் சுற்றினார், டோரீனின் கல்யாணக் கம்பளியையும் எடுத்துக் கட்டினார். பனி வந்தது. விடிந்தபோது பேராயர் வெந்த கீரையாகத் தொங்கினார்.

அப்படியும் மனுஷன் பீப்பாயோடு லாரியில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். நடுவர் அம்மாள் மர்லுடைய தொட்டியில் நீல ரிப்பனைக் குத்தினார். பிறகு பேராயர் பக்கம் வந்தார், குனிந்தார், ஒரு பிடி மண்ணை அள்ளி முகர்ந்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயா, முப்பது வருஷமா நடுவரா இருக்கேன், இப்படி ஒரு மண்ணப் பாத்ததே இல்ல. இதுல என்னென்ன போட்டீங்க? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்களேன்."

நாற்பது வருஷத்தில் ஒரு ஜீவன் இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. தர்லோவின் வாய் திறந்தது. எதிரே மர்ல் காதைச் சொறிந்துகொண்டு நின்றார். வாய் மூடியது. கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "பேச்சு வராதோ, பாவம்" என்று சொல்லிவிட்டு அம்மாள் பூசணிக்காய் வரிசைக்குப் போய்விட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போதே, "இவ்வளவு உரம் கொட்டினா இலைதானே வரும், சாம்பல் போட்டிருக்கணும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னீர்களே, அவர் உங்களைக் கேட்டாரா?