மணிக்கட்டுப் பாடம்

"சனிக்கிழமை உங்கட காக்காக்கிட்ட நான் தோத்தா, அண்டைக்கே உன்னப் பொத்துவிலுக்குக் கூட்டிப் போறன், புள்ள" என்றார் ஸலாஹுதீன்.

ரொட்டியைப் புரட்டிக்கொண்டிருந்த றாஹிலா திரும்பினாள். "மெய்யாவா?"

"மெய்தான்."

பொத்துவிலில் அவளோடு கூடப் பிறந்த றாத்தாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்ட போதெல்லாம் இவருக்கு டெனிஸ். கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வந்த வருசம் அது. கல்முனைக்குடி முழுக்கக் கிரிக்கெட் மட்டை தூக்க, டெனிஸ் மட்டையோடு திரிந்தவர்கள் இரண்டே பேர்: அரசாங்கக் கச்சேரியில் கட்டடப் படம் வரையும் ஸலாஹுதீனும், றாஹிலா காக்கா என்று கூப்பிடும் அண்ணன், புடவைக்கடை றஸாக்கும்.

"மச்சானுக்குப் புயம் இருக்கு, நயம் இல்ல" என்றார் ஸலாஹுதீன்.

"அப்பிடி என்ன பிழை விடுறார் காக்கா?"

கலியாணம் முடித்த நாள் முதல் இப்படியொரு கேள்வியை அவள் கேட்டதில்லை. ஸலாஹுதீன் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினார்.

"பலம் காலில இருந்து வாற. பிறகு இடுப்பு, தோள், முழங்கை. மணிக்கட்டு கடைசி. உங்கட காக்கா மணிக்கட்ட முதல்லயே சுழட்டிப்போடுறார். பிறகு தோள் வந்து என்ன செய்ற?"

றாஹிலா குழம்புச் சட்டியில் கிடந்த அகப்பையை எடுத்து வீசிக் காட்டினாள். "இப்பிடியா?"

"இல்லகா. மணிக்கட்டு பின்னால மடிஞ்சு கிடக்கட்டும். தோள் திரும்பட்டும். பந்து படக்குள்ள இறுக்கிப் பிடி."

"இடப்பக்கம் வந்தா?"

"அதிலதான் அவர் முழங்கைய முன்னுக்கு நீட்டுறார். முழங்கை உடம்போட இருக்கணும்."

அவள் மறுபடி வீசினாள். அகப்பைக் குழம்பு சுவரில் நேர்கோடாக விழுந்தது. ஸலாஹுதீனுக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளி வரைக்கும் அவள் கேட்டாள், அவர் சொன்னார்.

சனிக்கிழமை காலை றஸாக் அடித்த முதல் பந்திலேயே தோள் திரும்பியது, மணிக்கட்டு கடைசியாக வந்தது. பந்து, நிறுத்தாமல் போகும் அக்கரைப்பற்று பஸ் மாதிரி ஸலாஹுதீனைக் கடந்து போனது. அடுத்ததை இடப்பக்கம் போட்டுப் பார்த்தார். றஸாக்கின் முழங்கை உடம்பை விட்டு அசையவில்லை. பத்து மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

வலைக்கு மேலால் கை கொடுத்தார் றஸாக். "தங்கச்சி சொன்ன மாதிரியே செஞ்சன் மச்சான். சரிதானே?"

வாய் நிறையக் கோபத்தோடு வீடு வந்தார் ஸலாஹுதீன். றாஹிலா உடுத்து, பையோடு வாசலில் நின்றாள்.

"நீயாகா காக்காக்குச் சொல்லிக் குடுத்த?"

"ஓம்" என்று பையை அவர் கையில் கொடுத்தாள் றாஹிலா. "நீங்க விளையாடுறதவிட விளங்கப்படுத்துறது நல்லம்."